முன்சீட்டு வேலை

அண்ணே,

போன திங்கட்கிழமை மருமகள் என் தகரப்பெட்டியை வெயிலில் வைத்துத் தட்டினாள். துணிகளுக்கு அடியில் ஒரு மூக்குக் கண்ணாடி கிடந்தது. கறுப்புச் சட்டம். குப்பியின் அடிப்பாகம் போலத் தடித்த சில்லு. "எழுத உக்காந்தா கண்ணு வலிக்குதுன்னீங்களே மாமா, இதைப் போட்டுப் பாக்கக்கூடாதா?" என்று முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். போட்டேன். நோட்டில் இருந்த எழுத்தெல்லாம் பனிக்குள் போய்விட்டது. எதிரில் நின்ற மருமகளும் போய்விட்டாள். "இது யாரோட கண்ணாடி மாமா?" என்று பனிக்குள்ளிருந்து கேட்டாள். என்னுடையது என்று சொல்வதற்குள் எனக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது எழுத்துத் தெரியும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். பெஞ்சு எனக்குச் சிறியது, முட்டி இடிக்கும். ஆனாலும் ஒரு நாள் கூட நான் லீவு போடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். உப்புப் பாக்கெட்டில் இவ்வளவு எழுத்து இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருப்பதைப் படித்த அன்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். மெதுவாகத்தான் எழுத வரும். ஒரு நாளைக்குக் கொஞ்சம் எழுதி மூடி வைத்துவிட்டு மறுநாள் தொடர்கிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் கடிதம் எழுதுவதென்றால் வேறு யாருக்கு எழுதுவது?

நாம் சேர்ந்தது உங்கள் பழைய ஃபியட் காரால். வெலிங்டன் பட்டாளத்து ஆபீஸில் ஆயுசெல்லாம் கணக்கெழுதி ரிட்டயரான பிறகு அதை வாங்கினீர்கள். எங்கள் தேயிலை எஸ்டேட் வளைவில் அது கொதித்துப்போய் நின்றது. கவாத்துக் கத்தியைச் செடியோரம் வைத்துவிட்டு நான்தான் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். உங்கள் வீட்டு அக்கா, உங்கள் சம்சாரம், பின்சீட்டில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்தால் அக்காவுக்குத் தலை சுற்றும். அதனால் முன்சீட்டு காலியாக இருந்தது.

"ஏனுங், உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டீர்கள்.

"சிலோனுங்க. இங்க வந்து வருசமாச்சு."

"அப்ப நீங்களும் இந்த மலையைச் சுத்திப் பாத்திருக்க மாட்டீங்க. ஞாயித்துக்கிழமை லீவுதானுங்களே? வாங்க, போலாம்."

அண்ணே, அதுவரை என்னை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. சிலோனிலும் இல்லை, இங்கேயும் இல்லை. கங்காணிக்கு நான் 'டேய்'. கண்டக்டருக்கு 'ஏய்'. நீங்கள் ஒரு காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு 'உக்காருங்க' என்றீர்கள். அந்த இடத்தை விடக்கூடாது என்று உட்கார்ந்த அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

கார் நகர்ந்த பிறகுதான் முன்சீட்டுக்காரனின் வேலையைச் சொன்னீர்கள். "ரெண்டே வேலைங்க. ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சுன்னா எறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வெக்கோணும். அப்பறம் போர்டு படிச்சுச் சொல்லோணும். எனக்குத் தூரத்து எழுத்து மட்டும் மங்கலுங்க."

கல் வைப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. மற்றதற்கு என்ன செய்வது? கப்பலேறி வந்த குடும்பம், பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கதவு அடுத்த ஞாயிறு திறக்காது என்று பயந்தேன். "கண்ணாடியை லயத்து வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேண்ணே" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் மறுநாள் பயணத்துக்குத் திட்டம் போடுவோம். கட்டிலில் மேப்பை விரிப்பீர்கள். அக்கா டீயும் வர்க்கியும் கொண்டுவருவார். வர்க்கித் தூள் மேப்பில் விழுந்தால் "கோத்தகிரிய மூடிப்போட்டீங்களே" என்று ஊதுவீர்கள். உங்களுக்குச் சட்டதிட்டம் உண்டு. டூரிஸ்ட் வேன்கள் எழுந்திருக்கும் முன் கிளம்ப வேண்டும். மத்தியானப் பனி இறங்கும் முன் திரும்ப வேண்டும். செங்குத்தான ரோட்டில் ஏறி வரலாம், இறங்கக் கூடாது, பழைய பிரேக்கு தாங்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், ஒரு தடவை போன ரோட்டில் மறுபடி போகக் கூடாது. "பாக்காத ரோடு இத்தன கெடக்கறப்போ பாத்த ரோட்டுலயே போறது பாவமுங்க. எனக்கென்ன இன்னும் அம்பது வருசமா இருக்குது?" என்பீர்கள்.

கடைசிக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தீர்கள். அதற்குப் 'பெரிய சுத்து' என்று பெயர். ஊட்டி தாண்டித் தலைக்குந்தா, பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று இறங்கி, தெப்பக்காட்டில் வலது பக்கம் திரும்பி, மசினகுடி போய், கல்லட்டி ஏறி மறுபடி தலைக்குந்தாவில் வந்து சேர்வது. மற்ற ரோடெல்லாம் முடிந்த பிறகு, காரை ஒரு தடவை முழுசாகப் பிரித்துப் பூட்டி, அதில் போக வேண்டும் என்பீர்கள். விரலால் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி மேப்பில் தடமே விழுந்திருந்தது.

எனக்கு அந்த மேப் ஒரு சிலந்திவலை. "இந்த வாரம் எங்க போலாம், நீங்க சொல்லுங்க" என்று ஒரு நாள் கேட்டீர்கள். நான் யோசிப்பது போல் யோசித்து ஓர் இடத்தில் விரலை வைத்தேன்.

"அது குந்தா டேமுத் தண்ணிங்க!" என்று சிரித்தீர்கள். "கார்லயா போறது? தமாஷான ஆளுங்க நீங்க."

நானும் சிரித்தேன். விரலை மட்டும் மேப்பிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று நான்கைந்து ஞாயிறு தாண்டியதும் உங்களுக்கு இரக்கம் வந்துவிட்டது. "உடைஞ்சு போச்சுன்னு சொல்லக் கூச்சப்படறீங்க" என்று நீங்களே முடிவுகட்டி, குன்னூர் பஜாரில் கண்ணாடிக்கடை பாயிடம் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தீர்கள். சுவரில் அட்டை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சிறியது.

"எழுத்துப் படிப்பீங்களா? இல்லேன்னா வேற அட்டை இருக்கு. கோடு எந்தப் பக்கம் பாக்குதுன்னு கைய நீட்டிக் காட்டினாப் போதும்" என்றார் பாய்.

அது எனக்குத் திறந்த கதவு. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவரு படிப்பாருங்க! டீக்கடையில பேப்பரும் கையுமாத்தான் உக்காந்திருப்பாரு." அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்துவிட்டேன். பேப்பரில் படம் பார்க்கிறவன் என்று அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பாய் ஒவ்வொரு சில்லாக மாட்டி, "இப்பத் தெரியுதா?" என்றார். "இல்லீங்க" என்றேன். நல்ல கண், அண்ணே. எதிர்க்கடைக் கூரையில் காக்கை மூக்கைத் தேய்ப்பது வரை தெரிந்தது. அந்த அட்டையில் இருந்த எழுத்து ஒன்றுக்கும் பெயர்தான் தெரியவில்லை. கடைசியில் இருந்ததிலேயே கனமான சில்லு வந்ததும், இதற்கு மேல் பெட்டியில் இல்லை என்று கண்டு, "இது தேவலைங்க" என்றேன். முதலில் நின்றது ஓர் எழுத்து என்று மட்டும் புரிந்ததால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது சரியாக இருந்துவிட்டது.

"இந்தப் பவரை வச்சுக்கிட்டு இவரு கடைக்கு வந்து சேந்ததே அல்லா கிருபை" என்றார் பாய். திரும்பி உங்களைப் பார்த்து, "உங்க கண்ணு பூ விழுந்த மாதிரி இருக்கே, ஆபரேசன் பண்ணிக்கலையா?" என்று கேட்டார். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று நீங்கள் அவசரமாக எழுந்துவிட்டீர்கள். உங்களுக்கும் ஒரு பயம் இருந்தது.

இப்படித்தான் நான் நீலகிரியைச் சுற்றிப் பார்த்தேன். கொடநாடு போனோம், லாம்ஸ் ராக் போனோம், அவலாஞ்சி போனோம். நீங்கள் வண்டியை நிறுத்தி, "ஆகா, பாருங்க, பாருங்க" என்பீர்கள். நான் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து "ஆமாண்ணே" என்பேன். பச்சையாகவும் வெள்ளையாகவும் என்னவோ கலங்கிக்கொண்டிருக்கும். வளைவில் திரும்பும்போது மலையே கழன்று மடியில் விழுவது போல இருக்கும். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்கா சுக்கை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அப்படியும் போர்டு என்னை விடவில்லை. கண்ணாடி வந்தபின் பழைய சாக்கும் போய்விட்டது. "வேகமாப் போயிட்டீங்கண்ணே" என்றேன். அதற்குப் பிறகு போர்டைக் கண்டாலே வண்டியை ஊர விட்டீர்கள். "கிளை மறைக்குதுண்ணே" என்றேன். மறுவாரம் டிக்கியில் ஓர் அரிவாள் இருந்தது.

மஞ்சூர் போகிற வழியில் மூன்று ரோடு பிரியும் ஒரு முக்கில் எல்லாம் முடிந்தது. போர்டுக்கு நேர் கீழே காரை நிறுத்தி என்ஜினை அணைத்தீர்கள். அரிவாளோடு இறங்கி அண்ணாந்து பார்த்தீர்கள். "கிளை ஒண்ணுமில்லீங்களே. பாசிதான் பிடிச்சிருக்குது" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, எட்டாமல் எம்பி எம்பி அந்தப் போர்டைத் துடைத்தீர்கள். வெள்ளைத் துண்டு. அக்கா அன்று காலையில்தான் மடித்துக் கொடுத்தது. அது பச்சையாகிவிட்டது. "இப்பப் பாருங்க" என்று என் பக்கம் திரும்பினீர்கள்.

கண்ணாடியைக் கழற்றினேன். "எனக்கு எழுத்துத் தெரியாதுங்கண்ணே" என்றேன்.

நீங்கள் துண்டை உதறினீர்கள். "அப்ப இந்தக் கண்ணாடி?"

"வேண்டாங்க எனக்கு. கண்ணு நல்லாத் தெரியும்."

"போட்டா?"

"ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் புகையாத்தான் இருக்கும்."

பின்சீட்டில் அக்கா எழுந்து உட்கார்ந்தார். "அட கடவுளே! இத்தன நாளா முன்னால ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாமத்தான் ஓட்டிக்கிட்டு வந்தீங்களா? நான் வேற நம்பித் தூங்கிட்டு வந்தனே!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் முகம் சிவந்திருந்தது. அவ்வளவுதான், இறங்கி நடக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று கதவில் கையை வைத்துவிட்டேன்.

"கொடநாடு பாத்தீங்களா?" என்றீர்கள்.

"இல்லீங்க."

"அவலாஞ்சி?"

"புகையாத்தானுங்க."

"லாம்ஸ் ராக்ல நின்னு 'ஆமாண்ணே'ன்னீங்களே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் வண்டிக்குள் வந்து உட்கார்ந்து, முன்னும் பின்னுமாக எடுத்துக் காரைத் திருப்பினீர்கள். "மஞ்சூர் எங்கியும் ஓடிப்போயிராதுங்க. போர்டை நான் பாத்துக்கறேன். நீங்க மலையைப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அடுத்த ஞாயிறு நான் பின்சீட்டுக் கதவைத் திறந்தேன். "அங்க அக்கா காலை நீட்டோணுமுங்க" என்று நீங்கள் முன்கதவைக் காட்டினீர்கள். கொடநாட்டுக்குப் போனோம். அதற்கடுத்த வாரம் அவலாஞ்சி. போன ரோட்டில் போவது பாவம் என்று சொன்ன நீங்கள், போன ரோடு அத்தனையிலும் ஒன்றுவிடாமல் மறுபடி போனீர்கள். முதல் தடவை எப்படி வரிசையாகப் போனோமோ அதே வரிசையில். அவலாஞ்சியில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கொடநாட்டில் கீழே ஆறு ஒரு நூலாகப் போவதை நான் எட்டி எட்டிப் பார்த்தபோது, நீங்கள் ஆற்றைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆனால் அந்த ஞாயிறுகளில் எனக்கு வெட்கம் குறையவில்லை, கூடியது. போன ரோடுதான் என்றாலும் முக்குக்கு முக்கு உங்களுக்குச் சந்தேகம் வரும். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, போர்டுக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரச நின்று படித்துவிட்டு வருவீர்கள். ஒரு தடவை பின்னால் வந்த லாரிக்காரன் ஆரனை அமுக்கிக்கொண்டே கத்தினான். "யோவ் பெருசு! பக்கத்துல ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கானே, அவன எறங்கிப் படிக்கச் சொல்லக்கூடாதா?"

"அவரு மலை பாக்கறாருங்க. தொந்தரவு பண்ணப்படாது" என்றீர்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மலை எனக்குத் தெரியவில்லை.

"எழுத்து நான் சொல்லித் தரட்டுங்களா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள். "இந்த வயசுல பலப்பம் பிடிக்கவாண்ணே" என்று சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. அப்போது எனக்கு என்ன வயசு? இன்றைக்கு இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பழைய ரோடெல்லாம் முடித்துப் பெரிய சுத்துக்குக் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது உங்களுக்கு நெஞ்சுவலி. பிறகு கார் விலைக்குப் போயிற்று. கடைசியாக நான் வந்தபோது நீங்கள் கட்டிலில் மேப்புக்குப் பதில் படுத்திருந்தீர்கள். "ஏனுங், எல்லாம் பாத்தோம், அதை மட்டும் விட்டுப்போட்டமே" என்றீர்கள்.

"என்னாலதானுங்கண்ணே" என்றேன். "பழைய ரோட்டுக்கே திரும்பிப் போகாம இருந்திருந்தா..."

"ரெண்டாவது தடவை போனப்பத்தான் நானே ஒழுங்காப் பாத்தனுங்" என்றீர்கள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன மாதம் மகன் திருப்பூரிலிருந்து லீவில் வந்தான். கோயம்புத்தூரில் வாடகைக்குக் கார் எடுத்து அவனே ஓட்டி வந்தான். இப்போது அப்படித் தருகிறார்கள், டிரைவர் இல்லாமல். "எங்கப்பா போலாம்?" என்று கேட்டான். பெரிய சுத்தைச் சொன்னேன். போனில் வழி பார்த்துவிட்டு, "கல்லட்டியில எறங்கிக் கூடலூர் வழியா ஏறி வந்துரலாமா?" என்றான். "ஏறித்தான் வரணும், இறங்கக் கூடாது" என்றேன். போனை இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, வெளியூர் வண்டியைப் போலீசே எறங்க விடமாட்டாங்களாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

மருமகள் முன்சீட்டை எனக்குக் கொடுத்தாள். அண்ணே, தலைக்குந்தாவில் தொடங்கினேன். ஒரு போர்டை விடவில்லை. 'யானைகள் கடக்கும் பகுதி.' 'ஒலி எழுப்பாதீர்.' 'வன விலங்குகளுக்கு உணவு அளிக்காதீர்.' டீக்கடைப் பெயர், தேன் விற்கிறவர் பெயர், எல்லாம் சத்தமாக. "போனே வழி சொல்லுதுப்பா, நீங்க சும்மா வாங்க" என்றான் மகன். "விடுங்க, ரேடியோ மாதிரி வரட்டும்" என்றாள் மருமகள். தெப்பக்காட்டு முக்கில் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். "மசினகுடி! வலது பக்கம்!" என்று கத்திவிட்டேன். மகன் பயந்து பிரேக்கில் காலை வைத்தான். கல்லட்டியில் வளைவுக்கு வளைவு போர்டு. எனக்கு மூச்சு விட நேரமில்லை. நீங்கள் கொடுத்த வேலையை முதல் தடவையாகச் செய்கிறேன் என்ற சந்தோஷத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

சுற்று முடிந்து தலைக்குந்தாவில் நின்றோம். "பைக்காராவுல தண்ணி என்ன அழகு, இல்ல மாமா?" என்றாள் மருமகள். எனக்குத் தண்ணீர் நினைவுக்கு வரவில்லை. 'படகு இல்லம்' என்ற எழுத்துத்தான் வந்தது. "மசினகுடியில மான் ஒண்ணு ரோட்டோரமா நம்மளையே பாத்துச்சே?" என்றாள். நான் பார்க்கவில்லை. நடுவட்டத்தில் பள்ளத்தாக்கு திறந்ததாம். நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்? நீங்கள் எடுத்து வைத்துவிட்டுப் போன ஒரே ரோடு, அண்ணே. கண்ணில் ஒன்றுமே மாட்டிக்கொள்ளாமல் அதையும் பார்க்காமல் வந்துவிட்டேன். மஞ்சூர் முக்கில் குனிந்ததைவிட அதிகமாகத் தலை குனிந்தது.

"திருப்புடா" என்றேன்.

"எங்கப்பா திருப்பறது? கல்லட்டியில எறங்க விடமாட்டாங்க. நீங்கதானே சொன்னீங்க? இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரணும்."

சரி என்று காரை விட்டு இறங்கினேன். ரோட்டோரத்தில் ஒரு கட்டைச்சுவர் இருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து, நாங்கள் ஏறி வந்த பக்கத்தைப் பார்த்தேன். கீழே காடு நீலமாகக் கிடந்தது. அதற்கப்பால் சமவெளி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. பனி மெதுவாக மேலே ஏறி வந்தது. "போலாமாப்பா?" என்று மகன் இரண்டு தடவை கேட்டான். "இருடா, மலை பாக்கறேன்" என்றேன். அப்படிச் சொல்லும்போது என் வாயில் இருந்தது உங்கள் குரல்.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் பெரிய போர்டு ஒன்று இருந்தது. நாலைந்து வரி இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பனி வந்து எல்லாவற்றையும் மூடும் வரை திரும்பிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.